அச்சேறிய வம்சாவளி

 

முன்பெல்லாம் ஒரு குடும்பத்தின் வம்சாவளி என்பது கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலோ, பழைய கிதாபின் உள்ளட்டையிலோ பாட்டனார் தம் கைப்பட எழுதி வைத்த நாலைந்து பெயர்கள்தாம். இப்போது அது நூலாகிவிட்டது. வழவழப்பான தாள், வண்ண அட்டை, நடுப்பக்கத்தில் மடித்து வைத்த பெரிய மரம். வேரில் ஒரு ஸஹாபியின் திருநாமம். கிளையின் நுனியில் சென்ற ஆண்டு பிறந்த குழந்தையின் பெயர். நிகாஹ் மஜ்லிஸில் வந்தவர்களுக்கு இனிப்புப் பெட்டியோடு அதையும் கொடுத்து அனுப்புகிறார்கள்.

வானகரத்தில் எங்கள் மதரஸாவைச் சுற்றி வாழும் குடும்பங்களில் பல, வேறு ஊர்களிலிருந்து பிழைப்புக்காக வந்து குடியேறியவை. தென்கோடிக் கடற்கரையிலிருந்து வந்தவர் உண்டு. வாணியம்பாடி, ஆற்காட்டுப் பக்கத்தவரும் உண்டு. சொந்த ஊரில் இருந்தால், “இது இன்னார் வீட்டுப் பிள்ளை” என்று கைகாட்டிச் சொல்லப் பத்துப் பெரியவர்கள் இருப்பார்கள். இங்கே அடுத்த தெருவில் இருப்பவர் யார் என்பதே தெரிவதில்லை. ஆகவே பெண் பேசும் இடத்தில் பெரியவர்களின் சாட்சியத்துக்குப் பதிலாக இந்த நூல் முன்வைக்கப்படுகிறது. பேச்சு முறிந்தபின் இரு வீட்டாரில் ஒருவர் அதை என்னிடம் கொண்டுவந்து, “ஹஜ்ரத், இது ஸஹீஹ்தானா, பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேட்பதும் உண்டு. அவர்கள் கேட்கும் சொல்லே சரியான சொல். ஹதீஸை எடைபோட நம் முன்னோர் வகுத்த அளவுகோல்களைத்தான் இதற்கும் எடுக்கவேண்டியிருக்கிறது.

வம்சத்தை அறிவதே வீண் என்று சொல்பவன் அல்லன் நான். உறவுகளைச் சேர்த்து வாழ உதவும் அளவுக்கு உங்கள் வம்சங்களைத் தெரிந்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் திர்மிதியில் ஒரு நபிமொழி உண்டு. அந்த “அளவுக்கு” என்பதைச் சற்று நிதானித்துப் படிக்க வேண்டும். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பரம்பரை அப்துல்லாஹ்விலிருந்து அத்னான் வரை 21 தலைமுறை. இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. அத்னானிலிருந்து நபி இஸ்மாயீல் (அலை) அவர்கள் வரை எத்தனை பேர், யார் யார் என்பதில் ஒருவர் சொன்னது போல் மற்றவர் சொல்லவில்லை. ஆகவே பெரும்பாலான இமாம்கள் அத்னானோடு நிறுத்திக்கொண்டார்கள். உலகில் எந்தப் பரம்பரையைக் காட்டிலும் அதிகமாக மனனம் செய்யப்பட்ட பரம்பரைக்கே ஓர் எல்லை வைத்தார்கள். நம்மூர் நூல் ஒன்றோ அத்னானைக் கடந்து, நூஹ் (அலை) அவர்களைக் கடந்து, ஆதம் (அலை) அவர்களிடம் போய்த்தான் மூச்சு வாங்குகிறது!

இப்போது ஒரு மரத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 40 பெயர்கள் இருக்கின்றன என்றால், அங்கே இருப்பது ஒரே செய்தி அன்று, 39 செய்திகள். இவர் அவருடைய மகன் என்பது ஒவ்வொன்றும் தனித்தனியே நிறுவப்படவேண்டிய கூற்று. அறிவிப்பாளர் தொடரில் இடையில் ஒருவர் விடுபட்டுவிட்டால் அந்த ஹதீஸை “முன்கதிஃ” என்று ஒதுக்குகிறோம். மற்ற அனைவரும் நம்பகமானவர்கள் என்பதால் அதைச் சேர்த்துக்கொள்வதில்லை. வம்சாவளியில் மட்டும் மேலே பத்துப் பெயர் வரலாற்றில் தெரிந்தவை, கீழே ஐந்து பெயர் வீட்டில் தெரிந்தவை, ஆகவே நடுவிலுள்ள 25 பெயர்களும் சரியாகத்தான் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொள்கிறோம்.

காலக்கணக்கு எவ்வளவு கூர்மையான கருவி என்பதற்கு எங்கள் வகுப்பில் மாணவர்கள் மிகவும் விரும்பிக் கேட்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஹிஜ்ரி 463இல் மறைந்த கதீப் அல்-பக்தாதி (ரஹ்) அவர்களின் காலத்தில் பக்தாதின் அமைச்சரிடம் ஒரு பத்திரம் கொண்டுவரப்பட்டது. கைபர்வாசிகளான யூதர்களுக்கு ஜிஸ்யா வரி இல்லை என்று நபி (ஸல்) அவர்களே எழுதிக்கொடுத்ததாகச் சொல்லும் பத்திரம் அது. கீழே ஸஹாபாக்களின் சாட்சியமும் இருந்தது. அமைச்சர் அதைக் கதீபிடம் காட்டினார். பார்த்த மாத்திரத்தில், இது புனைவு என்றார் அவர். எப்படி? சாட்சிகளில் ஒருவர் முஆவியா (ரலி). அவர் இஸ்லாத்தைத் தழுவியது மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8இல். கைபர் போரோ ஹிஜ்ரி 7இல் நடந்தது. இன்னொரு சாட்சி ஸஅத் இப்னு முஆத் (ரலி). அவர் அகழ்ப்போரில் பட்ட காயத்தால் ஹிஜ்ரி 5இலேயே மறைந்துவிட்டார். தாளின் பழமையையோ, எழுத்தின் அழகையோ, முத்திரையையோ அவர் ஆராயவில்லை. மூன்று ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தார், அவ்வளவுதான்.

நம் வீட்டு மரத்தையும் இப்படி ஆண்டுகளோடு வைத்துப் பார்க்கலாம். மூன்று தலைமுறைக்கு ஏறத்தாழ நூறு ஆண்டு என்பது இப்னு கல்தூன் (ரஹ்) தம் முகத்திமாவில் பயன்படுத்தும் கணக்கு. காயல்பட்டினத்தில் 1632இல் பிறந்து 1703இல் மறைந்த சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களின் வழி அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களைச் சென்று சேர்வதாகத் தொன்றுதொட்டுச் சொல்லப்பட்டு வருகிறது. ஸித்தீக் (ரலி) அவர்கள் மறைந்தது 634இல். இடைவெளி சுமார் ஆயிரம் ஆண்டு. அப்படியானால் 30 பெயர்களை ஒட்டி இருக்க வேண்டும். மூத்த மகன் வழியாகவே வந்தால் தலைமுறைக்கு 25 ஆண்டு என்று 40 பெயர் வரையிலும், கடைசி மகன்கள் வழியாகவே வந்தால் 25 பெயர் வரையிலும் ஏறி இறங்கலாம். இதேபோன்ற ஆயிரமாண்டு இடைவெளியை உங்கள் கையிலுள்ள நூல் 15 பெயர்களில் தாண்டிவிடுகிறது என்றால், நடுவில் பலர் விடுபட்டிருக்கிறார்கள்; அல்லது அந்தத் தொடரே வேறு எங்கிருந்தோ எடுத்து ஒட்டப்பட்டிருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எண்ணிக்கை பொருந்தாவிட்டால் தொடர் தவறு என்று சொல்லிவிடலாம். பொருந்திவிட்டால் சரி என்று சொல்லிவிட முடியாது. இந்தக் கணக்குத் தெரிந்த ஒருவர் முப்பது பெயர்களை எளிதாகக் கோத்துவிடுவார். அப்துல்லாஹ், முஹம்மது, அஹ்மது, அலீ, உமர் என்று மாற்றி மாற்றி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? இதைச் சொல்வதால் அப்பா அவர்களின் மதிப்பில் ஓர் அணுவும் குறைவதில்லை. வித்ரிய்யாவுக்கு அவர்கள் இயற்றிய தக்மீஸ் இன்றும் ஓதப்படுகிறதே, அது அவர்களுடைய கல்வியால் வந்தது.

பல மரங்களில் ஒரு தையல் விழுந்திருக்கும். மேலே எல்லாம் அரபுப் பெயர்கள். கீழே எல்லாம் லெப்பை, மரைக்காயர், ராவுத்தர், தம்பி என்று முடியும் நம் மண்ணின் பெயர்கள். நடுவில், “இவர் கப்பலேறித் தமிழகம் வந்தார்” என்று ஒரே வரி. எந்த ஆண்டு? எந்தத் துறைமுகம்? யாரை மணந்தார்? அந்த வரி பேசாது. எகிப்திலிருந்து ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வந்து குடியேறியவர்களைப் பற்றிக் காயல்பட்டினத்தில் ஒரு செவிவழி மரபு உண்டு. அரபு வணிகர்கள் நம் கடற்கரையில் வாழ்ந்தார்கள் என்பதற்கு வலுவான சான்றுகளும் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ காயலின் குதிரை வணிகத்தை வருணித்திருக்கிறார். பாண்டியரிடம் அமைச்சராக இருந்த தகியுத்தீன் அப்துர் ரஹ்மானைப் பற்றிப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறார். இவை எல்லாம் நம் சமுதாயத்தின் பழமைக்குச் சான்று. உங்கள் முப்பாட்டனாரின் பாட்டனார் தகியுத்தீனின் வழித்தோன்றல் என்பதற்கு இவை சான்று ஆவதில்லை. நூலாசிரியர்கள் முதலாவதை நான்கு பக்கங்களுக்கு நிரூபித்துவிட்டு, இரண்டாவதும் நிரூபணமாகிவிட்டதைப் போல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். பெரும்பாலோர் வேண்டுமென்று செய்வதில்லை. ஆசை கையைப் பிடித்து எழுத வைக்கிறது.

‘ஷஜரா’ என்ற சொல்லாலும் ஒரு குழப்பம். தரீக்காவின் ஷஜரா என்பது முர்ஷிதிடமிருந்து முரீதுக்கு வந்த ஸில்ஸிலா. அதிலுள்ளவர்கள் ஆசிரியரும் மாணவரும். குடும்ப ஷஜராவில் உள்ளவர்கள் தந்தையும் மகனும். பழைய பெட்டியில் கிடைத்த அரபுத்தமிழ்த் தாளில் பெயர்கள் வரிசையாக இருந்தால் அது எது என்று முதலில் பார்க்க வேண்டும். பெயர்களுக்கு நடுவே ‘இப்னு’ இருக்கிறதா, ‘அன்’ இருக்கிறதா? நான் பார்த்த ஒரு நூலில் காதிரிய்யா ஸில்ஸிலாவின் ஆறு ஷைகுமார்கள் அப்படியே ஆறு தலைமுறைப் பாட்டன்மார்களாக ஆகியிருந்தார்கள். வளர்ப்புப் பாசமும் ஆன்மிக உறவும் எவ்வளவு உயர்ந்தவையாயினும் வம்சம் ஆகா என்பதை அல்லாஹ் ஸைத் (ரலி) அவர்கள் விஷயத்திலேயே நமக்குக் காட்டிவிட்டான். நபியவர்களின் வளர்ப்பு மகனாக ‘ஸைத் இப்னு முஹம்மத்’ என்று அழைக்கப்பட்டவர், அஹ்ஸாப் சூராவின் வசனம் இறங்கியபின் மீண்டும் ‘ஸைத் இப்னு ஹாரிஸா’ ஆனார்.

“ஐந்து நூல்களில் இப்படித்தான் இருக்கிறது” என்பது அடுத்து வரும் வாதம். ஐந்தையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே எழுத்துப்பிழை ஐந்திலும் இருந்தால், ஒன்றைப் பார்த்து மற்ற நான்கும் எழுதப்பட்டவை. நூறு வழிகளில் வரும் செய்தியும் மேலே ஒரே அறிவிப்பாளரிடம் போய் முடிந்தால் அதை ஒருவர் செய்தி என்றே முஹத்திஸ்கள் கணக்கிட்டார்கள்.

யார் சொன்னார், யாருக்காகச் சொன்னார் என்பது அதைவிட முக்கியமானது. நம் சென்னைக்கு அருகிலேயே இதற்கு எடுத்துக்காட்டு இருக்கிறது. ஆற்காட்டு வாலாஜா நவாப்களின் குடும்பம் தன் வழியை இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் வரை கொண்டுசெல்கிறது. நவாப் முஹம்மது அலீ வாலாஜாவின் காலத்தில், அவருடைய ஆதரவில் புர்ஹான் கான் பாரசீகத்தில் எழுதிய ‘துஸுகே வாலாஜாஹி’ அக்குடும்பத்தின் பெருமையைப் பேசும் நூல். அதை எஸ். முஹம்மது ஹுஸைன் நயினார் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, சென்னைப் பல்கலைக்கழகம் 1934 முதல் வெளியிட்டது. படிக்கவேண்டிய நூல்தான். முஹம்மது அலீயின் தந்தை அன்வருத்தீன் கான் அவத் பகுதியின் கோபாமவ் ஊரைச் சேர்ந்தவர் என்பதற்கும், 1749இல் ஆம்பூர்ப் போரில் உயிர்நீத்தார் என்பதற்கும் அது ஒன்றே சாட்சி அன்று. வேறு பல ஆவணங்களும் உண்டு. அவற்றுக்கு முந்திய பல நூற்றாண்டுகளைப் பற்றி நவாபின் உப்பைத் தின்றவர் எழுதும்போது அந்த எழுத்துக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதை வாசகர்தாம் முடிவு செய்ய வேண்டும்.

இதே குடும்பத்தில் பின்னர் நடந்ததைப் பாருங்கள். 1855இல் நவாப் குலாம் முஹம்மது கௌஸ் கான் பிள்ளையின்றி மறைந்தார். வாரிசில்லை என்று சொல்லிக் கும்பெனியார் நவாப் பட்டத்தையே ஒழித்தார்கள். 1867இல் ‘ஆற்காட்டு இளவரசர்’ என்ற பட்டம் அஸீம் ஜாவுக்கு வழங்கப்பட்டது. அவருடைய உரிமை எதில் நின்றது? மறைந்த நவாபின் தந்தை அஃஸம் ஜாவுக்கு அவர் உடன்பிறந்த தம்பி என்பதில். இரண்டே இரண்டு தலைமுறை உறவு! வழக்கும் உரிமையும் வரும்போது கைகொடுப்பது அடிமரத்துக்கு அருகிலுள்ள கிளைதான். வேர் எங்கே போகிறது என்று அங்கே எவரும் கேட்பதில்லை.

வானகரத்திலிருந்து நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் வரும் பூவிருந்தவல்லியில் ஒரு பழைய பள்ளிவாசல் இருக்கிறது. கோல்கொண்டா ஆட்சிக்காலத்தில், 1653இல், அஸ்தராபாதைச் சேர்ந்த துல்ஃபிகாரின் மகன் ருஸ்தம் கட்டியது என்று கல்வெட்டு சொல்கிறது. அஸ்தராபாத் என்பது ஈரானில் காஸ்பியன் கடலுக்கு அருகிலுள்ள ஊர். இன்றைய பெயர் குர்கான். பள்ளிவாசல் கட்டும் அளவுக்கு வசதி படைத்த மனிதர் தமக்குத் தெரிந்த தந்தை பெயரையும் தம் ஊர்ப் பெயரையும் சொல்லி நிறுத்திக்கொண்டார். அவர் வாழ்ந்த காலத்திலேயே வெட்டப்பட்ட கல் அது. ஒரு தலைமுறையை மட்டும் சொல்லும் அந்தக் கல்லை நான் முழுமனத்தோடு நம்புகிறேன்.

நீதிமன்றங்களும் இந்தக் கேள்வியில் நிறைய உழைத்திருக்கின்றன. பீகாரின் பேத்தியா ஜமீனின் மகாராஜா ஹரேந்திர கிஷோர் சிங் 1893இல் பிள்ளையின்றி இறந்தார். அவருடைய இளைய மனைவி 1954இல் மறைந்தபின், சொத்துக்கு உரிமை கோரி வம்சாவளிகளோடு பலர் வந்தார்கள். பாட்னா உயர்நீதிமன்றம் ஒரு தரப்பின் வம்சாவளியை ஏற்றுக்கொண்டது. 1983இல் உச்சநீதிமன்றத்தில் நீதிபதி முர்தஜா ஃபஸல் அலீ எழுதிய தீர்ப்போ அது மெய்ப்பிக்கப்படவில்லை என்று தள்ளியது. வம்சாவளியை எப்படி எடைபோட வேண்டும் என்பதற்கு அத்தீர்ப்பு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. அது எங்கிருந்து வந்தது, தொகுத்தவருக்கு அதை அறியும் வாய்ப்பு இருந்ததா, எவ்வளவு பழமையானது, முன்பு நடந்த வழக்குகளில் ஏற்கப்பட்டதா மறுக்கப்பட்டதா என்றெல்லாம் பார்க்கச் சொல்கிறது. பழமையாகத் தோன்றும் தாள்களின் குவியலைக் கண்டு மயங்கக் கூடாது என்றும் எச்சரிக்கிறது. இதற்கு அடிப்படை 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம். மறைந்துபோன ஒருவர் உறவுமுறை பற்றிச் சொல்லிச் சென்றது ஏற்கப்பட வேண்டுமானால், அவர் அதை அறியும் தனி வாய்ப்பு உடையவராக இருந்திருக்க வேண்டும். பிரச்சினை எழுவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இந்த விதி தொடர்கிறது. “பிரச்சினை எழுவதற்கு முன்பே” என்பது எவ்வளவு நுட்பமான நிபந்தனை! முத்தவல்லி பதவிக்குப் போட்டி தொடங்கியபின் அச்சான வம்சாவளியை இந்த ஒரு நிபந்தனையால் அளந்துவிடலாம்.

இத்தனையும் ஏட்டு விவாதம் என்று நினைப்பவர்களுக்காக, எங்கள் மதரஸாவில் ஓதும் ஒரு பிள்ளையின் பாட்டியார் கொண்டுவந்த விஷயத்தைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். கடற்கரை ஊர்க் குடும்பம் என்பது போதும். அவருடைய தாய்வழிக் குடும்பத்தார் அச்சிட்ட நூலை என் முன்னே வைத்து அந்தம்மா கேட்டார்: “ஹஜ்ரத், இதுலெ எங்க உம்மா பேரே இல்லையே. அப்ப எங்க உம்மா யாரு மவ?”

நூலில் அவருடைய பாட்டனாருக்கு நான்கு ஆண்மக்கள் என்று இருந்தது. மகள் என்று ஒருவரும் இல்லை. தொகுத்தவரிடம் தொலைபேசியில் கேட்டேன். மரியாதையான மனிதர். “பெண்மக்கள் வேறு குடும்பங்களுக்குப் போய்விட்டார்கள், ஹஜ்ரத், ஆண்வழியை மட்டும்தான் போட்டிருக்கிறோம்” என்றார். நூல் முழுவதிலும் அந்தச் செய்தி ஓரிடத்திலும் சொல்லப்படவில்லை. இதற்கிடையே அப்பாட்டனாரின் பெயரிலேயே இருந்த ஒரு தோப்பை விற்க ஏற்பாடாகி, வாரிசுகள் நால்வரின் வழியினர் மட்டுமே என்பதற்கு ஆதரவாக இந்த நூலின் பக்கமும் மற்றக் காகிதங்களோடு சேர்க்கப்பட்டிருந்தது. பெருமைக்காகப் போடப்பட்ட மரம் பத்திரம் ஆகிவிட்டது!

மார்க்கக் கணக்கு மிக எளிது. பாட்டியார் முன்பே இறந்துவிட்டார். வேறு வாரிசு இல்லை. ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. நான்கு ஆண்களும் ஒரு பெண்ணும் என்றால் சொத்து ஒன்பது பங்கு. அதில் ஒரு பங்கு அந்தத் தாயாருடையது. தந்தை இறந்தபோது அவர் உயிரோடு இருந்தார். ஆகவே அந்தப் பங்கு அன்றே அவருக்கு உரியதாகி, பின் அவர் மறைந்தபோது அவருடைய பிள்ளைகளுக்கு இறங்கியிருக்கிறது. ‘முனாஸகா’ என்று மீராஸ் பாடத்தில் இதற்கு ஒரு தனி அத்தியாயமே உண்டு. கேட்பவர் மகளின் மகள்தானே என்று தள்ளிவிட இடமில்லை. அவர் கேட்பது தம் தாயின் பங்கை.

பெண்களை விட்டுவிட்டு எழுதுவதுதான் முறை என்று எங்கிருந்து வந்ததோ! இஸ்லாமிய அரசில் வம்ச அடிப்படையில் எழுதப்பட்ட முதல் பெரும் பதிவேடு உமர் (ரலி) அவர்களின் தீவான். ஹிஜ்ரி 20ஆம் ஆண்டளவில், வம்ச அறிவில் தேர்ந்த அகீல், ஜுபைர் இப்னு முத்இம், மக்ரமா இப்னு நவ்ஃபல் ஆகிய மூவரிடம் அந்தப் பணி ஒப்படைக்கப்பட்டது. உதவித்தொகை வழங்குவதற்கான பதிவேடு ஆதலால் அதில் பெண்களும் குழந்தைகளும் இடம்பெற்றார்கள். உயர்ந்த தொகை பெற்றவர்களில் அன்னை ஆயிஷா (ரலி) இருந்தார்கள். யார் பெயரிலிருந்து தொடங்குவது என்று கேட்டபோது, நபியவர்களின் நெருங்கிய உறவினரிலிருந்து தொடங்குங்கள், என் குலம் எங்கே வருகிறதோ அங்கே எழுதுங்கள் என்ற கருத்தில் கலீஃபா பதில் சொன்னார்கள். குடும்ப மலர்களின் முதல் பக்கத்தில் தொகுப்பாளரின் தந்தையார் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் செய்தி நினைவுக்கு வருவதுண்டு.

அதிலும் கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் மகளுக்கு வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதும் வழக்கம். வீட்டின் உரிமை தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. ஆகவே அங்கே பத்திரங்களில் இருப்பது பெண்களின் பெயர். ஆண்பெயர்களை மட்டும் அடுக்கிய மரம், அந்தக் குடும்பம் எந்த வீட்டில் வாழ்ந்தது என்பதைக்கூடச் சொல்ல முடியாத மரம்.

அந்தம்மாவுக்காகத் தேடத் தொடங்கினோம். எங்கே தேடுவது என்பது பலருக்கும் பயன்படலாம் என்பதால் சொல்கிறேன். ஜமாஅத்தின் நிகாஹ் தஃப்தர் முதலாவது. அதில் மணமகளின் பெயர், தந்தை பெயர், வலீ, சாட்சிகள் ஆகியோரின் விவரம் இருக்கும். வம்சப் பெருமைக்காக எழுதப்பட்டதன்று என்பதே அதன் பலம். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும், அதில் சுட்டப்படும் பழைய பத்திரங்களின் நகலும் வாங்கலாம்; ‘இன்னார் மகள், இன்னார் மனைவி’ என்று அவற்றில் எழுதப்பட்டிருக்கும். மையவாடியின் மீஸான் கற்களைப் பார்க்கலாம். பிற்காலத்தில் புதுப்பித்து நாட்டிய கல்லையும் மூலக் கல்லையும் வேறுபடுத்திப் பார்க்கத் தெரிய வேண்டும். பள்ளிவாசல், தர்கா மானியம் அனுபவித்த குடும்பமாயின் இனாம் பதிவேடுகள் உண்டு. சென்னை மாகாணத்தில் 1858இல் அமைந்த இனாம் ஆணையம், மானியத்தை முதலில் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், அவர்களுக்குள் என்ன உறவு என்று கேட்டுப் பதிந்திருக்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்கலாம். எச்சிலை எடுத்துச் சோதிக்கும் மரபணுப் பரிசோதனையைப் பற்றி இளைஞர்கள் கேட்கிறார்கள். இருவர் ஒரே ஆண்வழியினரா என்பதற்கு அது குறிப்புத் தரும். பாட்டனாரின் பெயரை அது சொல்லாது.

எங்களுக்குக் கிடைத்தது நிகாஹ் தஃப்தரின் ஒரு பக்கம். தந்தை இறந்தபின் நடந்த நிகாஹ் அது. மணமகளின் பெயருக்கு எதிரே தந்தையாக அந்தப் பாட்டனாரின் பெயர். வலீ என்ற இடத்தில் மூத்த சகோதரரின் கையெழுத்து. நூலில் இருந்த நான்கு ஆண்மக்களில் முதல்வர் அவர். தொகுத்தவருடைய சொந்தப் பாட்டனார். தன் தங்கையை நிகாஹ் செய்து கொடுத்ததற்கு அவரே இட்ட ஒப்பம், பேரர் அச்சிட்ட நூலுக்கு மறுப்பாக நின்றது.

நகலைத் தொகுப்பாளருக்கு அனுப்பினோம். தோப்பின் பேச்சு நின்றிருக்கிறது. பங்கு கொடுப்பதைப் பற்றி இரு தரப்பிலும் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நூலைப் பற்றி அவர் என்னிடம் யோசனை கேட்டார். நான் எழுதி அனுப்பியது இதுதான்: ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அது எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று போடுங்கள், தஃப்தர், பத்திரம், கல், அல்லது இன்னார் வாய்மொழி. தெரியாத இடத்தில் கோடு போட்டுக் காலியாக விடுங்கள். ஒரே பெயரில் பாட்டனாரும் பேரரும் மாறி மாறி வரும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆகவே ஆண்டு தெரிந்தால் ஆண்டையும், வீட்டுப் பெயர் தெரிந்தால் அதையும் சேருங்கள், இருவர் ஒருவராகிவிடக் கூடாது. ஆறாவது தலைமுறைக்கு மேலே உள்ளதை, “குடும்பத்தில் சொல்லப்பட்டு வருவது” என்ற தலைப்பில் தனிப் பக்கத்துக்கு மாற்றுங்கள். மகள்களை அவர்களின் பிள்ளைகளோடு சேருங்கள். மரம் ஒரே பக்கத்தில் அடங்காது போகும், போகட்டும்.

கடைசி யோசனையைத்தான் அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். நடுப்பக்கத்துக்கு அச்சகத்தில் முன்பணம் கொடுத்தாகிவிட்டதாம்.

மீஸான் கற்களில் உள்ள அரபு எழுத்துகளையும் ஹிஜ்ரி ஆண்டுகளையும் எப்படிப் படிப்பது என்று சில வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அடுத்த இதழில் அதைப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.